ஏற்ற காலம்னா எப்போ?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. ஆபீஸ்ல ரிலீஸ், அது முடிஞ்சதும் ஊர்ல அறுப்பின் பண்டிகை. பெங்களூரிலிருந்து மனைவியோட மாதனூர் போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: சென்னை-பெங்களூர் ஹைவேயில ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவுல இருக்கு எங்க ஊர். பஸ்ல தூங்கிட்டீங்கன்னா நேரா ஆம்பூர் பிரியாணி வாசனைக்குத்தான் கண்ணு முழிப்பீங்க :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். எங்களுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம். குழந்தை இல்லை. ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, சின்ன வயசுல எனக்கு சண்டே ஸ்கூல் எடுத்த ஆன்ட்டி என் மனைவி கையைப் பிடிச்சுக்கிட்டு, "கவலைப்படாதம்மா, கர்த்தர் ஏற்ற காலத்துல தருவார்"னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. அன்னைக்கு அதைச் சொன்னதுல அவங்க நாலாவது ஆள். என் மனைவி சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு நாள் பேச மாட்டா.

எனக்குக் கோபம் கோபமா வந்தது. நான் பார்க்கிற வேலையில எதுக்குமே ஒரு தேதி உண்டு. தள்ளிப்போனா ஏன்னு கேட்டு மெயில் போடலாம், திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் கேட்கலாம். ஆண்டவர்கிட்ட அதெல்லாம் நடக்காது. ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைச்சப்போ வயசு 75, ஈசாக்கு பிறந்தப்போ 100. நடுவுல 25 வருஷம். பிரசங்கத்துல அரை நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிடுறாங்க. சாராள் அந்த 25 வருஷத்துல எத்தனை வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சிரிச்சிருப்பாங்கன்னு யாரும் சொல்றதில்லை.

ராத்திரி திண்ணையில அப்பாகிட்ட புலம்பினேன். அப்பா டேனரியில முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அறிவுரை சொல்ற ஆளில்லை. கொஞ்ச நேரம் கழிச்சு பழைய பட்டைத் தோல் கதையை எடுத்தார். இப்போ குரோம் உப்பு போட்டு டிரம்ல சுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல தோல் பதமாயிடுது. முன்னாடி எல்லாம் ஆவாரம்பட்டைதான். சுண்ணாம்புக் குழியில ஊறவெச்சு முடியை எடுத்து, அப்புறம் பட்டைத் தண்ணியில வாரக்கணக்குல போடணும்.

"எடுத்த உடனே காட்டமான தண்ணியில போட்டா என்ன ஆகும் தெரியுமாடா? மேல் தோல் சட்டுனு இறுகிடும். உள்ள சாறு இறங்காது. நடுவுல பச்சையாவே நின்னுடும். அதான் முதல்ல பழைய தண்ணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காட்டம். ஓரத்துல ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தாத்தான் உள்ள வரைக்கும் ஏறிச்சான்னு தெரியும்."

அவ்வளவுதான். எழுந்து படுக்கப் போயிட்டார்.

எனக்குத் தூக்கம் வரலை. மறுநாள் வேலூர் சி.எம்.சி.யில எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட். அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் ஞாபகம் வந்தது. 1870ல நம்ம ராணிப்பேட்டையில பிறந்தவங்க. தாத்தா, அப்பா எல்லாருமே மிஷனரிகள். அந்தப் பொண்ணுக்கோ இந்தியாவே வேண்டாம், அமெரிக்காவுலயே செட்டிலாகணும்னு ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனத்துக்கு வந்த இடத்துல, ஒரே ராத்திரியில மூணு பேர் அடுத்தடுத்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் இன்னொரு இந்து வீட்டுக்காரர். மூணு பேர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஐடாவோட அப்பா டாக்டர்தான், ஆனா ஆம்பளை டாக்டரை அவங்க வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிஞ்சப்போ மூணு பெண்களும் செத்துப்போயிருந்தாங்க.

அதுக்கப்புறம்தான் மருத்துவம் படிக்கப் போனாங்க. 1899ல கார்னெல்ல பட்டம். 1900 ஜனவரியில திரும்பி வந்தாங்க. கூட இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டிய அப்பா அந்த வருஷமே இறந்துட்டார். ஆரம்பத்துல நோயாளிங்களும் சுலபமா வந்துடலை. 1902ல 40 படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918ல, அப்போ அவங்களுக்கு 47 வயசு. பிறகு டிப்ளமோ போதாது, பட்டப்படிப்புதான் வேணும்னு அரசு விதி மாறினதால அந்தப் பள்ளியே மூடிடுமோங்கிற நிலைமை. எழுபது வயசுல அமெரிக்காவுக்குப் போய் நிதி திரட்டினாங்க. 1942ல எம்.பி.பி.எஸ். வந்தது. 1960ல கண்ணை மூடினாங்க.

பஸ்ல போகும்போது இதையெல்லாம் ரொம்ப உற்சாகமா மனைவிகிட்ட சொல்லிட்டு வந்தேன். "பார்த்தியா, ஆண்டவரோட டைமிங்!"னு முடிச்சேன்.

அவ ஜன்னலுக்கு வெளிய பாலாத்து மணலையே பார்த்துக்கிட்டு, "அந்த மூணு பொம்பளைங்களுக்கு ஏற்ற காலம் எது?"ன்னு கேட்டா.

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. அவங்க செத்ததே ஐடாவை டாக்டராக்கத்தான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அப்படிக் கணக்குப் போடுறவர் என் ஆண்டவர் இல்லை. ஐடாவும் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேடி உட்கார்ந்திருந்த மாதிரி தெரியலை. நாலாவது ஆள் கதவைத் தட்டினா திறக்கிறதுக்கு ஒரு டாக்டர் வேணும்னு படிக்கப் போனாங்க, அவ்வளவுதான்.

காத்திருக்கிறதுன்னா கையைக் கட்டிக்கிட்டு காலண்டரைப் பார்க்கிறதுன்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். அது வேற போல. டாக்டர்கிட்ட போறதும் காத்திருப்புதான். ரிப்போர்ட் சரியில்லாத அன்னைக்கு அவளை ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறதும் காத்திருப்புதான். குழந்தை வருமா, வராதான்னு எனக்குத் தெரியாது. வரலைன்னா ஆண்டவர் எங்களை மறந்துட்டார்னு அர்த்தமில்லைங்கிறதை நம்பப் பழகிக்கிட்டு இருக்கேன். மேலோட்டமா ஏறிடுச்சு. நடுவுல இன்னும் பச்சைதான்.

ஒண்ணு மட்டும் முடிவு பண்ணிட்டேன். இனிமே யார்கிட்டயும் "ஏற்ற காலத்துல கிடைக்கும்"னு நானா சொல்ல மாட்டேன். கூட போய் உட்கார்ந்துக்குவேன்.

அன்னைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வெளிய வந்தப்போ, "ஆம்பூர்ல இறங்கி பிரியாணி சாப்பிடலாமா?"ன்னு அவதான் கேட்டா. ரெண்டு நாள்னு நினைச்சேன், ஒரே நாள்ல பேசிட்டா. அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சு. ஜெபத்துல நினைச்சுக்குங்க.