உறைபனிக் காலையில் வண்டு மூச்சு

தலைகுந்தாவில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை எட்டரை. பள்ளத்துப் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல வெளுத்துக் கிடந்தது. மேட்டில் தேயிலை பச்சையாகவே நின்றது. மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும். பள்ளத்தில் போய்த் தேங்கிக்கொள்ளும். நான் யோகா வகுப்பைப் பார்க்க வந்த தொடக்கப் பள்ளியும் அப்படியொரு பள்ளத்தில்தான் இருக்கிறது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் அது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை உறைபனிதான். கேரட் தோட்ட வேலைக்குப் பெற்றோர் இருட்டிலேயே கிளம்பிவிடுவதால், பிள்ளைகள் தாங்களாகவே குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மூக்கு சிவந்திருந்தது, கைகள் ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருந்தன.

மூன்றாம், நான்காம் வகுப்புகளைச் சேர்த்து இருபத்திரண்டு பேர். கண்மூடிச் சம்மணமிட்ட வரிசையை எதிர்பார்த்துப் போனேன். ஆசிரியை அவர்களை வெயில் விழுந்திருந்த முற்றத்தில் ஓட விட்டார். நாலு சுற்று ஓடி, குதித்து, உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக் கன்னத்திலும் காதிலும் வைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வரச் சொன்னார். "விறைச்சுப்போன பிள்ளையை உக்கார வச்சா அதுக்குக் குளிர் மட்டும்தான் சார் தெரியும். மூச்செல்லாம் எங்க தெரியப்போகுது?" என்றார். சிமெண்ட் தரையில் சாக்குகளை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார். மெதுவாக மூன்று சூரிய நமஸ்காரம், பூனைபோல் முதுகை வளைத்து நிமிர்த்தல், பிறகு நெற்றி தரையில் படக் குனிந்து கிடத்தல். ஆசனங்கள் அவ்வளவுதான்.

அடுத்து வந்தது பிராமரி. பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் வண்டு மூச்சு. ஹட யோகப் பிரதீபிகை சொல்லும் எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை அடக்கும் முறைகளில், ஒன்று இது. ஆனால் இங்கே மூச்சை அடக்குவது கிடையாது, சத்தம் மட்டும்தான். கட்டைவிரலால் காதை மெல்ல மூடி, உதட்டைச் சேர்த்து, மூக்கால் ரீங்காரம். இருபத்திரண்டு வண்டுகள் ஒரே அறையில். ஒரு நிமிடத்துக்குள் என் நெஞ்சுக்கூடும் சேர்ந்து அதிர்ந்தது.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை என்று நினைக்கிறேன். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் "மூச்சை நீட்டு" என்றால் தோள்தான் உயரும். ரீங்காரம் போடச் சொன்னால், யாரும் எண்ணாமலே மூச்சு தானாக நீண்டு போகிறது. குளிருக்கும் இது ஏற்றது. வாயால் இழுக்கும் பனிக்காற்று வறண்டது. வீசிங் உள்ள பிள்ளைக்குக் காற்றுக் குழாயை இறுக்கிவிடும். மூக்கு அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வீசிங் உள்ள ஒரு பையனை ஆசிரியை ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வைத்திருந்தார். இன்னொருவன், "டீச்சர், நாக்கைச் சுருட்டிச் செய்யட்டா?" என்று கேட்டான். சீதளி என்ற மூச்சுப் பயிற்சியை எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறான். "அது உடம்பைக் குளிர வைக்கிறதுடா கண்ணு. ஏப்ரல்ல செய்யலாம்" என்றார்.

ஒரு சிறுமி மட்டும் கண்ணை மூடவில்லை. நான் கவனித்ததை ஆசிரியையும் கவனித்தார். அருகில் போய், "ஜன்னல் கண்ணாடியில பனி உருகி ஒரு கோடு இறங்குது பாரு. அது அடி வரைக்கும் வர்றதைப் பாத்துட்டு இரு" என்றார் காதோடு. அவள் பார்த்தாள். அந்தத் துளி பாதியில் நின்றது, பக்கத்துத் துளியோடு சேர்ந்து மறுபடி இறங்கியது. அது சட்டத்தைத் தொடும்வரை அவள் இமைகூட அதிகம் ஆடவில்லை. கண்ணை மூடினால் பயம் வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தும் பயிற்சி எதுவானாலும் அது அமைதிக்கான பயிற்சி ஆகாது.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் தொடங்கிய மனக்கவனப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையை நிதானமாகச் சுவைக்கச் சொல்வார்கள். இங்கே அந்த இடத்தில் ஊட்டி வர்க்கி. அது நொறுங்கும் சத்தத்தைக் கேட்டு, அடுக்கடுக்காகப் பிரித்துத் தின்றார்கள். "உள்ள காத்து இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன், பெரிய கண்டுபிடிப்பைப் போல.

வகுப்பு முடிந்து வெயிலில் நின்றபோது என் மனதில் இருந்ததைச் சொன்னேன். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. மனக்கவனப் பாடம், வழக்கமான மனநலப் பாடங்களைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்றது அது. ஆசிரியை யோசித்துவிட்டு, "இருக்கலாம் சார். நான் இதை மருந்துன்னு குடுக்கல. காலையில அவங்களைக் கொஞ்சம் சூடாக்கி, பயமில்லாம உக்கார வைக்கிறேன். அப்புறம் கணக்கு நடத்த முடியுது" என்றார். இதற்கு அவர் மதிப்பெண் போடுவதில்லை, தண்டனையாகவும் கொடுப்பதில்லை. சமவெளியில் ஒரு பள்ளியில், பேசிய பிள்ளைகளைத் தனியே நிறுத்தி "தியானம்" செய்ய வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே கசந்துபோயிருக்கும்.

கிளம்பும்முன் சாக்கை விலக்கித் தரையில் கை வைத்தேன். மணி பத்தரை ஆகியும் ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல இருந்தது. அந்தச் சாக்குகள் காய்கறி மண்டியில் ஆசிரியை கேட்டு வாங்கி வந்தவை. குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு யோகா வகுப்பு தொடங்க நினைக்கும் பள்ளிகளும் நன்கொடையாளர்களும் முதலில் தரையைத் தொட்டுப் பாருங்கள். தடித்த விரிப்புகளை வாங்கிக் கொடுங்கள்.