குறைத்ததும் குறைந்ததும்

திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்கு அருகே வசிக்கும் ஒரு தமிழாசிரியரின் அலமாரியில், மேல்தட்டின் பின்புறத்தில், ஒரு பழைய தலையணை உறைக்குள் ஏழு ரவிக்கைகள் இருந்தன. உடுத்த இயலாதவை, கொடுத்துவிட மனம் வராதவை. ஒவ்வோர் ஆண்டும் ஓணத்துக்கு முன் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்த உறை கீழே இறங்கும்; ஒருமுறை பிரிக்கப்படும்; மீண்டும் அதே இடத்துக்கு ஏறும். நாகர்கோவிலில் பிறந்து, மணமாகித் திருவனந்தபுரம் வந்து, நகரின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கற்பித்துவரும் அவருக்கு 2022-இல் வயது ஐம்பத்திரண்டு.

பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் நின்றிருந்த பள்ளி ஓணக் கொண்டாட்டம் அவ்வாண்டு திரும்பியது. ஆசிரியைகள் அனைவரும் கசவுச் சேலையும் அடர்பச்சை ரவிக்கையும் உடுத்துவதென முடிவாயிற்று. அவரிடம் அடர்பச்சையில் ஒரே ஒரு ரவிக்கைதான் இருந்தது. அதுவும் அந்த உறைக்குள். 2009-இல் தைத்தது. பெயருக்குப் போட்டுப் பார்ப்போம் என்று எடுத்தவர், கொக்கிகள் ஒவ்வொன்றாக எளிதில் மாட்டிக்கொண்டதைக் கண்டு வியந்தார். தோளில் ஒரு விரல் இடைவெளி வேறு இருந்தது. மற்ற ஆறும் உறையிலிருந்து வெளிவந்தன. எல்லாம் பொருந்தின. கல்லூரிக் காலத்துச் சுடிதார் ஒன்றும் பொருந்தியது. அன்று மாலை அவர் நெடுநேரம் கண்ணாடியின் முன் நின்றார்.

உடைகளில் உடலின் கணக்கை வைத்திருப்பவை தைத்தவையே. சேலை யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ஐந்தரை மீட்டர் துணி, கொசுவத்தில் இரண்டு மடிப்புக் கூட்டியோ குறைத்தோ எந்த உடம்பையும் ஏற்றுக்கொள்ளும். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாலராமபுரத்தில் நெய்யப்படும் கசவு வேட்டியும் சேலையும் அப்படித்தான். பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் தறிகளில் தொடங்கிய அந்த நெசவுக்குப் பாட்டியும் பேத்தியும் ஒரே அளவினர். தைத்த உடையோ உடம்பின் ஒரு நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. முல்லைப்பாட்டு யவனரின் மேலாடையைக் குறிக்க 'மெய்ப்பை' என்ற சொல்லை ஆள்கிறது. உடம்பை இட்டுவைக்கும் பை. பை சிறிதாகலாம், மெய் பெரிதாகலாம். இரண்டும் எப்போதும் ஒன்றாக வளர்வதில்லை.

பள்ளியில் அடுத்த வாரம் முழுவதும் பாராட்டு. "டீச்சர் நன்னாயிட்டு மெலிஞ்ஞல்லோ" என்றார் கணித ஆசிரியை. "வண்ணம் நல்லோணம் குறஞ்ஞு" என்றார் மற்றொருவர். இந்த 'வண்ணம்' தமிழ்க்காதுக்கு முதலில் இடறும். தமிழில் நிறத்தையும் பாட்டின் ஓசையையும் குறிக்கும் அச்சொல், மலையாளப் பேச்சில் உடற்பருமனைக் குறிக்கிறது. 'வண்ணம் வச்சு' என்றால் பருத்துவிட்டார். 'வண்ணம் குறஞ்ஞு' என்றால் மெலிந்துவிட்டார். புதிதாக வந்த தமிழர் யாரும் 'நிறம் மங்கிவிட்டது' என்றே முதலில் விளங்கிக்கொள்வர். அப்படி விளங்கிக்கொண்டிருந்தால் அன்று அது பிழையாகவும் இருந்திராது. ஆனால் அதை யாரும் அறியவில்லை.

பாராட்டுக்குப் பின் ஒரே கேள்வி வந்தது: எப்படிக் குறைத்தீர்கள்? அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஆனாலும் கேள்வி செயலைக் கேட்டது. ஆகவே விடையும் செயலாகவே வந்தது. மாலையில் நடக்கிறேன் என்றார். வாரத்தில் இரண்டு நாள் நடந்ததுண்டு. இரவில் சோற்றைக் குறைத்தேன் என்றார். களைப்பால் இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளாமல் எழுந்த இரவுகள் உண்டு. ஒவ்வொன்றும் முழுப்பொய் அன்று. சொல்லச்சொல்ல அவருக்கே அது நம்பத்தக்கதாகிவிட்டது. இரண்டு சக ஆசிரியைகள் அவருடைய முறையைப் பின்பற்றத் தொடங்கினர்.

தோளில் ஒரு விரல் தளர்வு இருந்ததால், கொண்டாட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பச்சை ரவிக்கையை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் பேருந்திலிருந்து இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்தார். அங்கே ஒரு மாடிப்படியின் அடியில் தையற்பொறி போட்டிருக்கும் முதியவர் அவருக்கு இருபது ஆண்டுப் பழக்கம், நாகர்கோவில் பக்கத்துக்காரர். சாலையில் தமிழ் பேசித் துணியளக்கும் கைகள் இன்றும் உண்டு. முதியவர் ரவிக்கையை உட்புறம் திருப்பினார். பக்கத்தையலில் இரண்டு விரல் அகலத்துக்கு உள்துணி விட்டிருந்தது; அதன்மேல் பழைய தையல்கள் பிரிக்கப்பட்ட ஊசித்துளை வரிசைகள் மூன்று. 2012, 2014, 2017. மூன்று முறையும் பிரித்துவிட்டவர் அவரே. வெளியே வெளுத்திருந்த பச்சை, உள்மடிப்பில் கடையிலிருந்து வந்த நாளின் அடர்த்தியோடு இருந்தது.

"இத்தனை தடவையும் பிரிச்சுவிடத்தானே கொண்டு வந்தீங்க. இப்போ பிடிக்கணுமா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. அரை இஞ்சு பிடிச்சாப் போதும்."

அவர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. "டீச்சர், ஒரு காரியம் கேட்டா தப்பா நினைக்கக்கூடாது. இது நீங்களாக் கொறச்சதா, இல்ல தானாக் கொறஞ்சதா?"

ஆசிரியர் சிரித்தார். சிரித்தபின் விடை சொல்லவில்லை.

அந்த வேறுபாட்டை அவர் இருபத்தாறு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்திருக்கிறார். குறைந்தது, குறைத்தாள். உடைந்தது, உடைத்தான். வளைந்தது, வளைத்தான். ஒரே வேர், நடுவில் ஒரு மெல்லொற்றோ வல்லொற்றோ. மெல்லினம் வந்தால் தானே நிகழ்ந்தது. வல்லினம் வந்தால் ஒருவர் நிகழ்த்தியது. பேச்சில் எழுத்து உருமாறினாலும் எல்லை அழிவதில்லை. 'கொறஞ்சது', 'கொறச்சது' என்று நிலைக்கிறது. மலையாளத்திலும் 'குறஞ்ஞு', 'குறச்சு' என்று அதே வரப்பு அதே இடத்தில் ஓடுகிறது. இரு மொழிகளும் பிரிந்தபோது இந்தப் பாகப்பிரிவினையில் இருவருக்கும் கிடைத்த சொத்து இது.

இவ்விணைகளைக் குறித்து கு. பரமசிவம் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1979-இல் இதே திருவனந்தபுரத்தில், திராவிட மொழியியல் கழகத்தின் வெளியீடாக வந்தது. செயப்படுபொருள் உண்டா இல்லையா என்று பார்ப்பதால் மட்டும் இந்த வேறுபாடு விளங்கிவிடாது என்பதை மொழியியல் மாணவர்கள் அந்நூல் வழியே அறிவார்கள். 'ஊரைச் சேர்ந்தான்' என்பதில் இரண்டாம் வேற்றுமை இருக்கிறது. ஆயினும் இடம் மாறுபவன் எழுவாயே. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: வினையின் விளைவு எழுவாயின்மேலேயே வந்து விழுகிறதா, எழுவாய் அதைப் பிறிதொன்றின்மேல் நிகழ்த்துகிறதா? தையற்காரர் கேட்டதும் அதுவே.

மெலிவைக் குறிக்கும் பிற சொற்களோ இவ்வளவு தெளிவு உடையவை அல்ல. 'மெலிந்தாள்' என்பதற்கு 'மெலித்தாள்' என்றோர் இணை வடிவில் உண்டு. ஆனால் இன்று அது இலக்கண நூலில் வல்லெழுத்தை மெல்லெழுத்தாக்கும் செய்யுள் விகாரத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. யாரும் தம் உடம்பை மெலிப்பதில்லை. 'இளைத்தாள்', 'பருத்தாள்', 'தடித்தாள்' ஆகியவை இன்னும் வேடிக்கை. மூன்றிலும் வல்லொற்று இருக்கிறது. நிகழ்த்தியவர் மட்டும் இல்லை. 'டீச்சர் இளைத்துவிட்டார்' என்பவர் எதையும் கேட்காமலே கடந்துபோகலாம். எடை என்ற சொல்லைச் சேர்த்தால்தான் மொழி வாசலில் நிறுத்தி வினவுகிறது: எடை குறைந்ததா, எடையைக் குறைத்தாயா?

பழைய தமிழ் இலக்கியத்துக்கு இந்த ஐயமே இல்லை. அங்கே மெலிவு எப்போதும் தானே நிகழ்வது. எப்போதும் துன்பத்தின் அடையாளம். திருக்குறளின் 124-ஆம் அதிகாரமாகிய உறுப்புநலன் அழிதலில், தலைவியின் தோள் மெலிகிறது, தொடி கழன்று வீழ்கிறது. 119-ஆம் அதிகாரம் முழுவதும் நிறம் மாறும் பசப்பைப் பற்றியது. சங்க அகப்பாடல்களில் வளை நெகிழ்வது ஊரறியும் செய்தி. அணிந்தது தளர்ந்தால் உள்ளே ஏதோ பிழைபட்டிருக்கிறது என்று தோழியும் செவிலியும் உடனே அறிவர். யாரும் தலைவியைப் பாராட்டுவதில்லை. எப்படிச் செய்தாய் என்று முறையும் கேட்பதில்லை. அவ்வதிகாரங்களை ஆண்டுதோறும் நடத்திய ஆசிரியர், தம் கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் திரும்பும்போது வேறு சிலவும் நினைவுக்கு வந்தன. இரவில் மூன்று நான்கு முறை எழவேண்டியிருந்தது. வயதின் இயல்பு என்று நினைத்திருந்தார். தீராத தாகம், திருவனந்தபுரத்துப் புழுக்கத்தின்மேல் பழி போட்டிருந்தார். நான்காம் பாடவேளைக்குள் கால்கள் தளர்ந்தன. இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து கற்பித்ததால் நிற்கும் பழக்கம் போய்விட்டது என்று தேற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று அந்த மாடிப்படியின் கீழே கேட்ட கேள்விக்குமுன் தோன்றவில்லை.

மறுநாள் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தார். சர்க்கரை 268. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு 11.4 விழுக்காடு, 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு எனக் கொள்வர். எடை 71-இலிருந்து 59 கிலோவுக்கு இறங்கியிருந்தது. மருத்துவர் விளக்கியது எளிது. இன்சுலின் போதாதபோது இரத்தத்திலுள்ள சர்க்கரை உயிரணுக்களுக்குள் நுழைவதில்லை. அளவு ஏறத்தாழ 180-ஐக் கடந்தால் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் வெளியே விடுகிறது; அது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது; ஆகவே தாகம். உண்டது பயன்படாததால் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எடுத்து எரிக்கிறது. உணவு இருந்தும் உடம்பு பட்டினி கிடக்கிறது. பழைய ரவிக்கைகள் பொருந்தியது அதனால்தான்.

இது அரிய கதை அன்று. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. கேரளத்தில் அவ்வீதம் 25.5 விழுக்காடு. நால்வரில் ஒருவர். 'ஷுகர்' என்ற சொல் இந்நகரின் ஒவ்வொரு தெருவிலும் புழங்குகிறது. திருமண வீட்டில் பாயசக் கிண்ணத்தின்மேல் கையைக் குறுக்கே வைத்து அதைச் சொல்லாதவர் குறைவு. அப்படியிருந்தும், மெலிவு கண்முன்னே வந்து நின்றபோது ஓர் ஆசிரியர் அறை முழுவதும் அதைச் சாதனை என்றே வாசித்தது. பருமன் ஒழுக்கக்குறைவு என்றும் மெலிவு உழைப்பின் வெற்றி என்றும் பழகிவிட்ட கண்ணுக்கு, 'குறைந்தது' என்ற வடிவம் தெரிவதில்லை. எங்கும் 'குறைத்தாள்' மட்டுமே தெரிகிறது. இதே பிழை மறுபக்கமும் உண்டு. தைராய்டு குறைபாட்டாலோ சில மருந்துகளாலோ எடை கூடியவரிடம், 'ஏன் இப்படி ஏற்றிக்கொண்டாய்' என்று வல்லொற்றைப் போட்டுக் கேட்பதும் நாள்தோறும் நடப்பதுதான்.

ஓணக் கொண்டாட்டத்தன்று அவர் பள்ளிக்குச் செல்லவில்லை. சில மாதங்கள் இன்சுலினும், தொடர்ந்து மாத்திரையும் எடுத்துக்கொண்டார். தம்மைப் பின்பற்றிய இரண்டு ஆசிரியைகளிடமும் நடந்ததை நடந்தபடியே சொன்னார். சொல்வதற்கு ஒரு வாரம் ஆயிற்று. நோயைச் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதுதான் நாவில் நின்றது. அவர்களுள் ஒருவர் அதைக் கேட்டபின் தாமும் இரத்தம் கொடுத்துப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எடை 65. மூன்று மாதச் சராசரி 6.8. "பின்னெயும் வண்ணம் வச்சல்லோ டீச்சரே" என்று கணித ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். ஆசிரியர் ஆமென்று தலையசைத்தார். பச்சை ரவிக்கையின் கொக்கிகள் மறுபடியும் இழுத்துப்பிடித்தன. அதை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனார்.

முதியவர் உட்புறம் திருப்பிப் பார்த்தார். முந்தைய ஆண்டு அதை அவர் பிடிக்கவே இல்லை. அன்று அப்படியே மடித்து, "ஒரு பரிசோதனை பார்த்துட்டு வாங்க, பிறகு தைக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்திருந்தார். இப்போது எதையும் கேட்காமல் பிளேடை எடுத்துப் பக்கத்தையலைப் பிரித்தார். உள்ளிருந்து புதுப்பச்சையில் ஒரு கீற்று வெளிவந்தது.

"இன்னும் ஒரு தடவைக்குத் துணி இருக்கு" என்றார்.

"வெட்டிராதீங்க அண்ணாச்சி. இருக்கட்டும்" என்றார் ஆசிரியர்.