பெரிய கறியும் ஒரு கிண்ணம் ஃபோவும்

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் டீச்சர் ஒருவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் "நேத்து உங்க வீட்டுல என்ன கொழம்பு?" என்று வரிசையாகக் கேட்பார். ஊர்ப் பிள்ளைகள் கோழி, மீன், ஆட்டுக்கறி என்று சொல்வார்கள். காலனியிலிருந்து போன நாங்கள் ஐந்து பேரும் "கத்திரிக்கா டீச்சர்" என்போம். வாரம் தவறாமல் ஐந்து வீட்டிலும் கத்திரிக்காய். வகுப்பே சிரிக்கும். டீச்சரும் சிரிப்பார். அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்டார் என்பது எம்.ஏ. சமூகவியல் முடித்து வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பைக்குள் பேப்பர் சுற்றிக் கொண்டுவருவார். வீட்டுக்குள்ளேயேகூட அதை மாட்டுக்கறி என்று சொல்ல மாட்டோம். "பெரிய கறி." அம்மா வதக்க ஆரம்பிக்கும் முன் தெருப் பக்கக் கதவைச் சாத்துவார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே கறிதான், பிறகு யாருக்காகக் கதவைச் சாத்தினோம் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக்காக மூன்று மாதம் பாரிஸில் இருந்தேன். வடக்குப் புறநகர் லா கூர்னவ்வில், புதுச்சேரியிலிருந்து போய்க் குடியேறிய ஒரு அக்காவின் வீட்டில் அறை. ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் பகுதி அது. அங்கே கிளம்பும் ஏழாம் எண் மெட்ரோ நகரத்தைக் குறுக்கே கடந்து தெற்கே பதின்மூன்றாம் வட்டாரத்துக்குப் போகிறது. ஒரு முனையில் தமிழ்க் கடை, மறு முனைக்குப் பக்கத்தில் வியட்நாம் கடை. வண்டி மாற வேண்டியதில்லை. ஆனால் மேஸோன் பிளான்ஷ் நிலையத்துக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். முதல் நாள் நான் கிளையைப் பார்க்காமல் ஏறி வேறு பக்கம் போய்விட்டேன். நீங்கள் போனால் போர்ட் த ஷுவாஸி போகும் வண்டியா என்று பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

ஷுவாஸி அவென்யூவில் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். முதல் கடையில் பெயர் படிக்கத் தெரியாமல், மெனுவில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன். வந்தது ஃபோ. பெரிய கிண்ணம், அரிசி நூடுல்ஸ், மேலே பச்சை வாசம் போகாத இளஞ்சிவப்புக் கறித் துண்டுகள். கொதிக்கும் ரசத்தில் அவை கண் முன்னாலேயே நிறம் மாறின. கூட ஒரு தட்டில் முளைகட்டிய பயறு, துளசி மாதிரி ஒரு இலை, எலுமிச்சை, மிளகாய். கிண்ணத்தின் மேல் குனிந்தபோது மூக்கில் ஏறியது பிரியாணி வாசனை. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாற்றில் இத்தனையும் போட்டு, மீனை உப்பில் ஊறவைத்து இறக்கும் நூக் மாம் என்ற நீரை ஊற்றுகிறார்கள்.

வியட்நாம் மொழியில் மாட்டுக்கு 'போ' என்று பெயர். கண்ணாடிக் கதவில் அந்த வார்த்தை பெரிய எழுத்தில் இருந்தது. பரிமாறிய பெண் அதைச் சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கக் கத்திச் சொன்னார். நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

அடுத்த வாரங்களில் சனிக்கிழமைதோறும் போனேன். ஃபோவிலேயே எதைப் போடச் சொல்கிறோம் என்பதில் வகை இருக்கிறது. வெந்த கறி, பச்சைச் சீவல், கொழுப்புள்ள நெஞ்சுக்கறி, நரம்பு. 'ஸாக்' என்று ஒன்று. அந்தச் சொல்லுக்குப் புத்தகம் என்று அர்த்தம். வந்ததைப் பார்த்தால், நம்ம போட்டி! ஏடு ஏடாக இருக்கும் இரைப்பைப் பகுதி. ஹுவே நகரத்துப் பாணியில் செய்யும் 'பூன் போ ஹுவே' காரமானது, எலுமிச்சைப்புல் வாசம் தூக்கலாக இருக்கும். அதில் உறைந்த ரத்தத் துண்டுகள் மிதக்கும். வெங்காயமும் மிளகாயும் போட்டு அம்மா செய்யும் ரத்தப் பொரியலைத் தட்டில் எடுத்துவைத்து, "வெளிய கொண்டுபோய்த் தின்னாத" என்று சொல்வது ஞாபகம் வந்தது. இங்கே பக்கத்து மேசையில் கோட்டு சூட்டு போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் அதைக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். 'பான் ஸெயோ' என்பது அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் கலந்து வார்க்கும் தோசை. 'ஸெயோ' என்பது மாவு சட்டியில் விழும் சத்தம். 'கா ரி' என்று ஒரு குழம்பு. பெயர் நம்ம கறிதான், தென் வியட்நாமுக்குப் போன இந்தியர்கள் வழியாகப் போனது. அதை ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.

ஃபோ ரொம்பப் பழைய உணவு என்று நினைத்திருந்தேன். நூறு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறதாம். வடக்கே ஹனோய், நாம் தின் பகுதிகளில் பிறந்தது. அங்கே மாடும் எருமையும் உழவுக்கானவை, மாட்டுக்கறி அன்றாடச் சாப்பாடாக இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரன் ஆள வந்த பிறகு அவன் தட்டுக்காக மாடு வெட்டப்பட்டது. நல்ல சதை துரைக்குப் போனது. எலும்பும் கழிவுக்கறியும் மலிவாகக் கிடைத்தன. எருமைக்கறி நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்த தெரு வியாபாரிகள் அவற்றை வாங்கிக் கொதிக்கவைத்து, காவடி மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது தெற்கே போன லட்சக்கணக்கான வடக்கத்தியர்களோடு ஃபோவும் போனது. முளைப்பயறும் இலைதழைகளும் அங்கே சேர்ந்தன.

துரை தின்னாத பாகத்தில் பிறந்த சமையல் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போட்டி, குடல், ரத்தம், உப்புக்கண்டம் என்று எங்கள் சமையலும் அப்படித்தானே வந்தது. ஆனால் தோழர்களே, இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. எலும்பு ரசம் விற்றவர்களை அதற்காக யாரும் ஊருக்கு வெளியே வைக்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். 1948இல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை வரலாறாக ஆராய்ந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மிச்சத்தில் சமைக்கத் தெரிந்தது நம் திறமை. மிச்சத்தை மட்டுமே கொடுத்ததைக் கொண்டாட முடியாது.

பயிற்சிக்கு வந்தவர்களில் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார். நல்லவர், கலகலப்பானவர். நான்தான் அவரை ஷுவாஸி அவென்யூவுக்குக் கூட்டிப்போனேன். ஃபோவைக் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றார். நாலு கோணத்தில் படம் எடுத்தார். இனி ஊருக்குப் போனால் இதற்கு எங்கே போவது என்றார். "சென்னைல பீப் பிரியாணி சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "ஐயோ, அந்த ஏரியா பக்கமே போனதில்லைங்க" என்றார். ஏன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது வேற, அது வேற இல்லையா?" என்றார். எது வேறு? மாடு வேறா? அவரோடு சண்டை போட எனக்கு அன்று தெம்பில்லை. இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் வாடகை வீடு தேடியபோது, "நான்-வெஜ் ஓகே, ஆனா அது மட்டும் வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர் இவரைப் போலவே கலகலப்பானவர்.

2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா நினைவிருக்கிறதா? அரசு நடத்தவிருந்த விழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றானது. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். அது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. பிரியாணிக்கே பெயர்போன ஊரில் இந்த நிலைமை.

பதின்மூன்றாம் வட்டாரத்தில் மாட்டுக்கறி தின்னாதவர்களையும் பார்த்தேன். மெனுவில் 'சாய்' என்று ஒரு பகுதி இருக்கிறது, சைவம். பௌத்தர்களில் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கறி தின்பதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து காளானும் டோஃபுவும் சாப்பிட்ட பாட்டி என் கிண்ணத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சூடாக இருக்கும்போதே குடி என்று சைகை காட்டினார்.

அங்கே எல்லாம் சமத்துவம் என்று சொல்ல வரவில்லை. அந்த வட்டாரத்து ஒலிம்பியாத் கோபுரக் குடியிருப்புகள் 1970களில் பாரிஸ் நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டப்பட்டவை. அவர்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து தப்பி வந்த அகதிகள் அங்கே குடியேறினார்கள். பட்டிக்காட்டான் என்று அர்த்தப்படும் ஒரு வியட்நாம் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து 'நியாக்குவே' என்று ஆசியர்கள் எல்லாரையும் திட்டும் வசவாக்கிக்கொண்டார்கள். சூப்பைக் குடிப்பார்கள், சூப்பு போடுகிறவரை அப்படிக் கூப்பிடுவார்கள். நமக்குப் புரியாததா?

இதையெல்லாம் ஒரு நாள் இரவு எங்கள் அக்காவிடம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பில் சாயோ பொரித்துக்கொண்டிருந்தார். அரிசித் தாளில் கறியும் சேமியாவும் சுற்றிப் பொரிப்பது. புதுச்சேரியில் சில வீடுகளில் அது விசேஷப் பலகாரம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க அப்பாயி சைகோன்காரிம்மா" என்றார். தாத்தா அங்கே போலீஸில் இருந்தாராம்.

பிறகுதான் அக்காவின் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எனக்குப் புரிந்தது. 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அப்படித் துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் அதிகம். அந்தக் காகிதத்தோடு பலர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். எழுத்தர், காவலர், சுங்க ஊழியர் என்று வேலை பார்த்தார்கள்.

"ஊர்ல தாத்தாவ தெருவுக்குள்ள விடல. அங்க தொப்பி போட்டுக்கிட்டு நடந்தாரு" என்றார் அக்கா. குரலில் பெருமை இருந்தது. அப்புறம் எண்ணெயிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "அப்பாயிதான் சொல்லும், அவுரு தொப்பியப் பாத்தா மார்க்கெட்டுல பொம்பளைங்க கூடைய தூக்கிக்கிட்டு ஓடுவாங்கன்னு" என்றார்.

அன்று இரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. சாதியிலிருந்து தப்பித்துக் கப்பலேறிய நம் ஆள், சந்தையில் கூடையோடு ஓடிய அந்தப் பெண்கள் கண்ணில் யார்? எலும்பு ரசத்தைத் தோளில் சுமந்தவர்களையும் இப்படி ஒரு தொப்பி விரட்டியிருக்கும். அந்தத் தாத்தாவை என்னால் குற்றவாளி ஆக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. ஆதிக்கத்தின் கீழே இருந்தவனுக்குக் கிடைத்த முதல் நாற்காலி இன்னொருத்தர் முதுகில் போடப்பட்டிருந்தது. அரசு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை போனேன். அங்கே மதியம், நம் ஊரில் மாலை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கிண்ணத்தைக் காட்டினேன்.

"என்னாடி அது, சேமியா பாயசமா?"

"பெரிய கறிம்மா. மாட்டுக்கறி சூப்பு. போட்டிகூட இருக்கு பாரு."

அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. அவர் பஸ் நிறுத்தத்தில் இருந்தார். போனை வாய்க்கு அருகே கொண்டுவந்து, "மெதுவா பேசுடி, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்து ஒரு மரத்தடிக்குப் போனது தெரிந்தது. பிறகு கேட்டார்: "போட்டிய எப்படிக் கழுவுறாங்களாம்? சுண்ணாம்பு போட்டா?"

பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, போனில் மொழிபெயர்ப்பைத் தட்டிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உப்பைத் தூவி இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தித் தேய்ப்பதுபோல் காட்டினார். பிறகு எலுமிச்சையைப் பிழிவதுபோல். அம்மா திரையில் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்புதான் நல்லாருக்கும்னு சொல்லு அவளுக்கு" என்றார்.