சீவாளியும் சினிமாப் பாட்டும்: 'செய்தி' சிறுகதையில் தந்தையும் மகனும்

பிரெஞ்சு ஆட்சி 1954-இல் விலகிய காரைக்கால் பகுதியின் நெடுங்காட்டிலும், அருகிலுள்ள திருநள்ளாற்றிலும் கோயில் புறப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் நாகஸ்வரம் இன்றியமையாதது என்பதால், மன்னார்குடி வட்டாரத்தில் 1921-இல் பிறந்த தி. ஜானகிராமனின் 'செய்தி' சிறுகதை இவ்வூர்களின் வாசகருக்கு அயலான கதை அன்று. நாகஸ்வர வித்துவானான பிள்ளைக்கும், சினிமாப் பாட்டுப் பக்கம் சாயும் மகனுக்கும் இடையே மூளும் மனத்தாங்கலே கதையின் தொடக்கம்.

இங்கே மரபு என்பது வெறும் கொள்கையன்று, கைப்பழக்கம். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் குழலையும், நாணலைப் பதப்படுத்திக் கட்டிய சீவாளியையும் (வாயில் வைத்து ஊதும் நாக்கு), இடைவிடாமல் சுருதி காட்டும் ஒத்தையும் பிள்ளைப் பருவத்திலிருந்தே பழகியவருக்கு, மகனின் விலகல் வீட்டையே விட்டுப் போவதாகத்தான் படும்.

பிலிப் போல்ஸ்கா என்னும் மேல்நாட்டு இசைஞர், பிள்ளை வாசிக்கும் 'சாந்தமுலேகா' கீர்த்தனையில், மொழி அறியாமலே, அமைதியின் செய்தியைக் கேட்டு உருகும்போது தந்தையின் கட்சி வென்றுவிடுகிறது. வெளியூர்க்காரர் மெச்சினால்தான் வீட்டுச் சொத்தின் அருமை தெரியும் என்பது கொஞ்சம் உறுத்துகிறது. அது நம் ஊர்ப் பழக்கமுங்கூட. கதை பெரிதும் தந்தையின் மனத்தை ஒட்டியே நகர்வதால், கச்சேரி கேட்க வருவோர் கேட்பதை வாசித்துப் பிழைக்க வேண்டிய மகனின் நியாயம் போதுமான அளவு எழுதப்படவில்லை; அவன் கோணத்திலிருந்து எழுதியிருந்தால் அது வேறொரு சிறுகதையாகியிருக்கும்.