ஈரம் காயும்வரை

பழைய மோட்டார் படகைச் செப்பனிடும் பட்டறைக்கு முதல் நாள் வரும் இளைஞனின் கண் தூரிகையைத் தேடும். அவன் கையில் நாங்கள் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் ஒன்றைக் கொடுப்போம். மேல்தளத்தின் முன்முனையில் மண்டியிட்டு, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே பின்முனைவரை அவன் வர வேண்டும். உறுதியான இடம் கணீரென்று பேசும். உள்ளே ஈரம் புகுந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் தாயின் காது அவனுக்கு வாய்க்க வேண்டும். அது வாய்க்கச் சில மாதங்களாவது ஆகும். அதுவரை தூரிகை கிடையாது.

ஜூரோங் பக்கத்திலும் பின்னர் ஜொகூரிலுமாக என் ஆயுளின் பெரும்பகுதி இந்தத் தொழிலில் கழிந்தது. அது எனக்குக் கற்றுத் தந்தவற்றில் சிலவற்றை, என் பிள்ளைகளிடம் சொன்னதுபோலவே உங்களிடமும் சொல்லிவைக்கிறேன்.

என் கைக்கு அதிகம் வந்தவை ‘கிராண்ட் பேங்க்ஸ்’ படகுகள். 1960களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரீன் என்ற நிறுவனம், கென்னத் ஸ்மித் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு ‘ஸ்ப்ரே’ என்ற 36 அடிப் படகைக் கட்டியது. மீன்பிடிப் படகின் திடமும் வீட்டின் வசதியும் அதில் சேர்ந்திருந்தன. கிராண்ட் பேங்க்ஸ் வரிசை பிறந்தது அதிலிருந்துதான். மணிக்கு எட்டுக் கடல்மைல் அளவில் நிதானமாகப் போகும் படகுகள் இவை. தொடக்கத்தில் எல்லாம் மரம். பிறகு சிங்கப்பூரிலும் கட்டுதளம் அமைந்தது. 1973இல் நிறுவனம் மரத்தை விட்டு ஃபைபர் கிளாஸுக்கு மாறியது. மாறியபோதும் பலகை இணைப்புக் கோடுகளை அச்சிலேயே அமைத்தார்கள். அச்சிலிருந்து வெளிவந்த ஃபைபர் உடலிலும் பலகைக்குப் பலகை கோடு தெரிந்தது. தச்சர்கள் தலைமுறையாகக் கற்ற வித்தைக்குச் செய்த மரியாதை என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். புதிய வழிக்குப் போகிறவர்கள் பழைய கைகளின் தடத்தை அழித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை.

ஒருகாலத்தில் போற்றத்தக்க பழம்படகு என்றால் மரப்படகுதான். ஃபைபரை ‘பிளாஸ்டிக்’ என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இன்று அதே ஃபைபர் படகுகளைச் சேகரிப்பாளர்கள் தேடி வருகிறார்கள். நிலைத்து நின்றதற்கு மதிப்பு தானே வந்து சேர்கிறது.

கண்ணாடி இழை அழுகாது. அதற்குள் அடைபட்ட மரம் அழுகும். அக்காலப் படகுகள் பலவற்றின் மேல்தளம் இரண்டு ஃபைபர் ஏடுகளுக்கு நடுவே மரத்துண்டுகளையோ பால்சா கட்டையையோ வைத்து ஒட்டியது. பார்வைக்கும் காலுக்குப் பிடிமானத்துக்குமாக அதன்மேல் தேக்குப் பலகைகளைப் பரப்பித் திருகாணிகளால் இறுக்கினார்கள். பெரிய படகில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். வெயிலிலும் தேய்ப்பிலும் பலகை மெலிந்து, திருகாணித் தலையை மறைத்த மரமூடி கழன்றதும், ஒவ்வொரு திருகாணியும் தண்ணீருக்கு ஒரு வழியாகிவிடும்.

அப்படி ஒரு படகு எங்கள் பட்டறைக்கு வந்தது. மேலே பார்த்தால் குறை சொல்ல முடியாது; தேக்கு பளபளத்தது, பலகை இடுக்குகளில் புதிய கறுப்பு அடைப்பு. விற்பதற்கு முன்னால் யாரோ ஒழுகிய இடங்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். எங்கள் மூத்த தச்சர் ஒரு சீனர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘ஆ பேக்’. காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தின்மேல் ஒரு நடை போனார். இரண்டு இடங்களில் நின்று குதிகாலை ஊன்றிப் பார்த்தார். “திற” என்றார். உரிமையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அழகாக இருப்பதை எதற்குக் கலைப்பது என்று கேட்டார். ஆ பேக் பதில் சொல்லவில்லை, உளியை எடுத்தார். பலகை எழும்பியதும் உள்ளே இருந்த கட்டை கையால் அள்ளும் சேறாகக் கிடந்தது. மேலே அடைத்தவர்கள் உள்ளே போன தண்ணீர் ஆவியாகி வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். முழ அகலத்தோடு நின்றிருக்க வேண்டிய அழுகல் தளத்தில் பாதியைத் தின்றிருந்தது.

பிள்ளைகளே, ஒழுகும் வீடுகூடக் காய்ந்துவிடும். பூசி மூடிய ஈரம் காய்வதில்லை. மனைவியிடம் சொல்லாத கடனும், மருத்துவரிடம் சொல்லாத வலியும், அண்ணன் தம்பிக்குள் பேசாமல் விட்ட கசப்பும் மூடிய இடத்தில்தான் பெருகுகின்றன. திறக்கும் நாளில் அவமானம் உண்டு. அந்த ஒரு நாளைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

நீருக்குக் கீழே இருக்கும் உடல் கற்பிப்பது வேறொன்று. பல ஆண்டுகள் தண்ணீரிலேயே கிடந்த, பாலியெஸ்டர் ரெசினில் இழையை ஊறவைத்து வார்த்த ஃபைபர் உடலில், ஜெல்கோட் என்னும் மேற்பூச்சுக்கு அடியில் கொப்புளங்கள் கிளம்பும். ஒன்றைக் குத்தினால் காடி நாற்றத்தோடு திரவம் பீறிடும். மெல்ல ஊறிப் போன நீர், ரெசினில் கரையக்கூடியவற்றோடு கலந்து உண்டானது அது. மேன்மேலும் நீரை இழுக்கும் குணம் அதற்கு உண்டு. ஜெல்கோட்டைச் சீவி எடுக்க வேண்டும். பிறகு நன்னீரால், முடிந்தால் சுடுநீரால், திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு கூரைக்கு அடியில் உலர விட வேண்டும். கழுவாமல் வெறுமனே உலர்த்தினால் நீர் மட்டும் போகும், நீரை இழுக்கும் சரக்கு அங்கேயே தங்கும். நம் பக்கத்துக் காற்றிலோ எப்போதும் ஈரம். வாரக்கணக்கில் ஆகும், சில உடல்களுக்கு மாதக்கணக்கில்.

இந்தக் கட்டத்தில் பொறுமை இழக்காத உரிமையாளரை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, தினமும் வந்து, “வேலை ஒன்றும் நடக்கவில்லையே” என்பார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடலில் போகத் தேதி குறித்துவிட்டார். வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. காலையில் கழுவினோம், மாலையில் ஈரமானியை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து அளந்தோம், அளவைச் சுண்ணக்கட்டியால் உடலிலேயே எழுதினோம். ஒரு வாரம் முழுக்க முள் அசையவே இல்லை. அடுத்த வாரம் சற்றே இறங்கியது. அதன்பின் அவரே எண்களைப் படிக்கத் தொடங்கினார், ஆட்சேபம் நின்றுபோனது. காத்திருப்பது என்றால் கைகட்டி உட்கார்வது என்று இளமையில் தோன்றும். அளந்துகொண்டும் கழுவிக்கொண்டும் காத்திருப்பவனுக்கு நாள் வீணாவதில்லை. முள் அசையாத வாரங்கள் உங்கள் படிப்பிலும் வேலையிலும் மணவாழ்க்கையிலும் வரும். அந்த வாரங்களிலும் கழுவுங்கள்.

உடலில் ஓட்டை விழுந்தால் அடைக்கும் முறை ஒன்று உண்டு. இதை நான் எத்தனையோ மாலைகளில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் உடல் ஒரு செ.மீ. தடிமன் என்றால், ஓட்டையைச் சுற்றிலும் ஏறத்தாழ 12 செ.மீ. அகலத்துக்கு நல்ல பகுதியையும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தச் சரிவில்தான் புதிய இழைப்பாயை அடுக்கடுக்காக ஒட்டுகிறோம். இறுகிப்போன பழைய பாலியெஸ்டர்மேல் புதிய ரெசின் முதலில் சேர்ந்ததுபோல ஒன்றாகக் கலப்பதில்லை. சொரசொரப்பையும் பரப்பையும் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. அதனால்தான் அத்தனை அகலம். விரல் நுழையும் ஓட்டைக்கு முழங்கை நீளம் தேய்ப்பதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். முறிந்த உறவை ஒட்டவைக்கும்போதும் காயத்தின் அளவுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதாது. தவறு செய்யாத பக்கமும் கொஞ்சம் தேய்ந்துகொடுக்க வேண்டும். இது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயம் வேறு, பிடிப்பு வேறு.

சேகரிப்பாளருக்காகச் செய்யும் வேலையில் கடினமானது அடக்கம். படகு முதலில் எப்படி இருந்ததோ அதற்குத்தான் அவர் விலை கொடுக்கிறார். எங்களிடம் கைத்திறன் மிகுந்த ஒரு தம்பி இருந்தான். சமையலறை அலமாரிக் கதவுகளைச் சீர்செய்யச் சொன்னால், பழையதைவிட நேர்த்தியாகப் புதுக் கதவுகளைச் செய்து நிறுத்தினான். வந்து பார்த்த சேகரிப்பாளர் மனமாரப் பாராட்டினார். பிறகு பழைய கதவுகளைக் கேட்டார். நல்லவேளையாக அவை எறியப்படவில்லை. ஆ பேக் கழற்றிய ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, படமெடுத்து, பெட்டியில் வைக்கச் சொல்லும் வழக்கம் உடையவர். அந்தத் தம்பி பழைய கதவுகளைப் பழுது தெரியாமல் ஒட்டி, எட்டுப் பூச்சு வார்னிஷ் அடித்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, மறுநாள் காத்திருந்து. அவன் செய்ததில் சிறந்த வேலை அதுதான் என்பேன். தன் பெயர் எங்கும் தெரியாத வேலையை முழு மனத்தோடு செய்யத் தெரிந்தவனை எந்தப் பட்டறையும் கைவிடாது.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இந்தப் படகுகளில் பலவற்றில் ஆறு சிலிண்டர் ஃபோர்டு லேமன், 120 குதிரைத்திறன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் உரிமையாளரைத் தாண்டி வாழும். அதன் எரிபொருள் பம்புக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. பெரிய இயந்திரத்தின் எண்ணெயை மாற்றுகிறவர்கள் இந்தச் சிறு அளவை மறந்துவிடுவார்கள். நீங்கள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அங்கும் அப்படியொரு சிறு எண்ணெய் இருக்கும். போன முதல் மாதமே அது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1973இல் முதல் ஃபைபர் உடல்களை வார்த்த கைகளுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயது. அவர்கள் அறிந்ததில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. வேலை எளிதல்ல. கண்ணாடித் தூள் தோலை அரிக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது, தொடக்கத்தில் சம்பளமும் பெரிதாக இருக்காது. ஆனாலும் கையால் ஒன்றைச் செய்யும் ஆசை உங்களில் யாருக்காவது இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பட்டறை வாசலுக்கு வாருங்கள். கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிய கிழவரை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை. வருவதென்றால் இந்த ஆண்டே வாருங்கள்.