பிளஸ் ஒன் புத்தகத்தையும் எடுத்துட்டு வா

பிளஸ் டூ வேதியியலுக்கு டியூஷன் கேட்டு வருகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது பிளஸ் ஒன் புத்தகத்தைத்தான். பெரும்பாலும் அது கையில் இருக்காது. "அது போன வருஷத்து புக் சார், பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துட்டேன்" என்பார்கள். பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டதும் உண்டு. எங்காவது வாங்கிக்கொண்டு வா, பிறகு ஆரம்பிக்கலாம் என்று அனுப்பிவிடுவேன். கூட வந்த அம்மாவுக்கு முகம் வாடிவிடும். மார்ச்சில் பரீட்சை, இந்த மனிதர் போன வருஷத்துப் புத்தகத்தைக் கேட்கிறாரே என்று.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை வீட்டில் வகுப்பு எடுத்ததில்லை. பணியில் உள்ள ஆசிரியர் டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அது நியாயமான பிரிவு. பாடத்தில் பாதியை வகுப்பிலும் மீதியைக் காசுக்கு வீட்டிலும் நடத்தலாம் என்ற ஆசை யாருக்கும் வந்துவிடக் கூடாது. ஓய்வுக்குப் பிறகு திருக்கழுக்குன்றத்தில் வீட்டுத் திண்ணையிலேயே கரும்பலகை மாட்டிவிட்டேன். மேற்கே செங்கல்பட்டு, கிழக்கே மாமல்லபுரம், தெற்கே சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம். எந்தப் பக்கமிருந்தும் ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம்.

செங்கல்பட்டில் டியூஷன் சென்டர்களுக்குக் குறைவில்லை. பொங்கல் முடிந்ததும் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். புக் பேக் கேள்விகள், ஒன் வேர்ட், ஸ்லிப் டெஸ்ட், அதற்கு மேல் ஒரு ரிவிஷன் டெஸ்ட். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுபது மதிப்பெண் வினாத்தாளில் பதினைந்து ஒரு மதிப்பெண் கேள்விகள். அவற்றைக் குறி தவறாமல் போட வைப்பதும் ஒரு வேலைதான். பயந்த பிள்ளைக்கு அது தெம்பு கொடுக்கும். ஆனால் சென்டர் மாறி சென்டர் போயும் மதிப்பெண் ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒழுங்காக உட்காருவார்கள், நோட்டு அழகாக இருக்கும், சம் வந்தால் மட்டும் கை நின்றுவிடும். இவர்கள்தான் கடைசியில் என்னிடம் வந்து சேருகிறவர்கள். இவர்களுக்குப் பிளஸ் டூ பாடத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்பது என் அனுபவம். கோளாறு கீழே இருக்கிறது.

ஒரு பெண் வந்தாள். பியூர் சயின்ஸ் குரூப், அதாவது கணக்கு கிடையாது. தாங்கல் கரைசலில் பி.ஹெச். கண்டுபிடிக்கும் சம் வரவில்லை என்றாள். சூத்திரம் கேட்டேன், தடுமாறாமல் சொன்னாள். மதிப்புகளை இட்டாள், அதுவும் சரி. மடக்கை வந்ததும் நின்றுவிட்டாள். "இங்கதான் சார் எப்பவும் விட்டுடுவேன்." பரீட்சை அறையில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். கணக்கு எடுக்காத பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேதியியல் ஆசிரியர் அது கணக்கு ஆசிரியர் வேலை என்று நினைத்திருப்பார். அந்த குரூப்புக்குக் கணக்கு ஆசிரியரே இல்லை. லாக் டேபிளைப் பிரித்து ஒரு மாலை முழுக்க அதை மட்டும் பார்த்தோம். பி.ஹெச்.சில் மட்டுமா மடக்கை? நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில், முதல் வகை வினையின் வேக மாறிலியில், அர்ரீனியஸ் சமன்பாட்டில் என்று மூன்று பாடங்கள் அந்த ஒரே பூட்டில் அடைபட்டுக் கிடந்தன.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை முழுக்கப் பிளஸ் டூ மதிப்பெண்ணையே பார்த்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் வருடத்திலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடும். ஒரே பாடத்தை இரண்டு வருடம் அரைத்து சென்டம் வாங்குவார்கள். கூடவே ப்ளூபிரிண்ட் என்று ஒன்று இருந்தது: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று முன்னரே தெரியும், எதை விடலாம் என்றும் தெரியும். இதை மாற்றத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிளஸ் ஒன் பாடம் நடத்தப்பட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போதுதான் பிறந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டிருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் களைப்பை நேரில் பார்த்தவன் என்ற முறையில், சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பாடம் குறைந்துவிடக் கூடாது. இனி பிளஸ் ஒன் வகுப்பை யாரும் வெளியிலிருந்து வந்து பார்க்கப் போவதில்லை. நீட் எழுதுகிற பிள்ளைக்கோ வேதியியலின் 45 கேள்விகளும் இரண்டு வருடப் பாடத்திலிருந்துதான் வரும்.

புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளஸ் ஒன்னில் எட்டாவது பாடம் வேதிச் சமநிலை. பிளஸ் டூவில் எட்டாவது பாடம் அயனிச் சமநிலை. முன்னது தெரியாமல் பின்னதைப் படிப்பது மனப்பாடம் மட்டுமே. பிளஸ் ஒன்னின் முதல் பாடத்தில் மோல் வருகிறது, ஆக்சிஜனேற்ற எண் வருகிறது. அந்த இரண்டும் இல்லாமல் மின் வேதியியல் இல்லை, ஆய்வகத்தில் பர்மாங்கனேட் தரம்பார்த்தலும் இல்லை. கரிம வேதியியலிலும் இதே கதைதான். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் பார்த்துவிட்டவனுக்குப் பன்னிரண்டில் பெயர் வினைகள் பாரமாகத் தோன்றுவதில்லை.

கீழே இறங்கிப் படிப்பது பிள்ளைகளுக்கு அவமானமாக இருக்கிறது. அந்த அவமானத்தைப் போக்க எனக்கு இந்தக் கடற்கரை உதவுகிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளங்களைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் சோடியம் குளோரைடு ஏறக்குறைய 27 கிராம். 58.5ஆல் வகுத்தால் அரை மோலுக்குச் சற்றுக் குறைவு. மோல் கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பாத்தியில் நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட். எங்கள் ஊர் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிறக்கிற சங்கும் அதே பொருள்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து ஜிப்சம். நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே உப்பு விழுகிறது. மெக்னீசியம் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அதை வடித்துக் கொட்டாவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். கரைதிறன் பெருக்கம் என்ற தலைப்பைப் புத்தகத்தில் பிறகு பிரித்தால், அங்கே இருப்பது உப்பளத் தொழிலாளி பாத்தி பாத்தியாக நீரை மாற்றும் காரியத்தின் கணக்கு.

மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். வேதிவினை வேகவியல் அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வெப்பநிலை கூடினால் வேகம் ஏன் கூடுகிறது என்று கேட்டால் புத்தக வாக்கியத்தை ஒப்பிப்பான். வீட்டில் என்ன வேலை என்று விசாரித்தேன். சித்தப்பா ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிறவர், இவன் ரெசின் கலக்கிக் கொடுப்பவன்.

"மத்தியானம் கலக்கினா என்ன ஆகும்டா?"

"மக்குலயே கல்லாயிடும் சார். படகுல பூசறதுக்குள்ள சூடு ஏறிப் பொகையும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"கேட்டலிஸ்ட்டைக் கம்மி பண்ணுவோம். இல்லேன்னா காத்தால ஆறு மணிக்கே முடிச்சிடுவோம்."

பாடம் முழுவதையும் அவனே சொல்லிவிட்டான். வெப்பநிலை, செறிவு, வினை வேகம், வினையே வெப்பம் உமிழ்ந்து தன்னை முடுக்கிக்கொள்வது, எல்லாம் அந்த மக்குக்குள் இருக்கின்றன. வேகம் 300 கெல்வினிலிருந்து 310க்குப் போகும்போது இரட்டிப்பானால் கிளர்வு ஆற்றல் என்ன என்ற ஐந்து மதிப்பெண் கணக்கை அன்றைக்கே போட்டான், 53.6 கிலோஜூல் என்று விடை வந்தது. பிறகு அவனே ஒரு சந்தேகம் கேட்டான். வினையூக்கி செலவாகாது என்று புத்தகம் சொல்கிறதே, கேட்டலிஸ்ட் என்று டப்பாவில் வருவது ஒவ்வொரு தடவையும் காலியாகிறதே என்று. நல்ல கேள்வி. அந்த டப்பாவில் இருப்பது ஒரு கரிமப் பெராக்சைடு; உடைந்து வினையைத் தொடங்கிவைத்துத் தானும் செலவாகிவிடும். கூடச் சொட்டுச் சொட்டாக விடும் நீல நிறக் கோபால்ட்தான் வினையூக்கி என்ற இலக்கணத்துக்குப் பக்கத்தில் வருவது. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்திய எனக்கு இப்படி ஒரு கேள்வியை எந்த வகுப்பும் கேட்டதில்லை. அவன் ஒன் வேர்ட் தேர்வில் பதினைந்துக்கு ஆறு வாங்கிக்கொண்டிருந்தவன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலி இருக்கிறது. 2013இல் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர், 2024இல் இன்னொரு பதினைந்து கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அங்கே வந்தன. கடல் நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறக்குறைய 27 வளிமண்டலம். அதை மீறி, அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக அழுத்தினால்தான் நீர் சவ்வைத் தாண்டித் தேவையான அளவுக்கு வரும். பிளஸ் ஒன் ஒன்பதாவது பாடமான கரைசல்களை இதை வைத்து நடத்துகிறேன். வாண்ட் ஹாஃபுக்கு 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது இரண்டு காரியங்களுக்காக: வினை வேகத்தின் விதிகள், கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தம். அதாவது அந்தக் குப்பத்துப் பையனின் மக்கும் நெம்மேலியின் குழாய்களும் ஒரே மனிதரின் கணக்குக்குள் வருகின்றன. கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழை அப்பிக் கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே இழுப்பதையும் அதே வகுப்பில் சொல்வேன்.

ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். சதுரங்கப்பட்டினத்துப் பிள்ளை மாலையில் செங்கல்பட்டு போய் டியூஷன் முடித்து இரவு பஸ்ஸில் திரும்புவது, அதிலும் பெண்பிள்ளைக்கு, சுலபம் இல்லை. பல வீடுகளில் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. 1971இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம், 1983இலிருந்து இயங்கும் மின் நிலையம். இந்த இரண்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று இந்தப் பக்கமே வீடு கட்டிக்கொண்ட வேதியியல்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் சொந்த விருப்பத்தில் புதுப்பட்டினத்தில் வாரம் ஒரு மாலை உட்காருகிறார். அரிப்பு ஏன் வருகிறது, உப்புக் காற்றில் இரும்பு ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் மின் வேதியியல் பாடத்தை நான் நடத்த வேண்டியதில்லை. என் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுகிறேன்.

இன்னும் சிலர் வர வேண்டும். வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே. நோட்ஸ் தயாரித்துக் கொடுக்க வேண்டாம். அது சந்தையில் ஏராளம். பிள்ளை ஒரு கணக்கைப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பேனா எந்த வரியில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அது எந்த வகுப்புப் பாடம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அங்கிருந்து தொடங்கலாம். ஜூன் மாதமே வந்தால் நல்லது. செய்முறைத் தேர்வு நெருங்கிய பிறகு வந்தால் லாக் டேபிளுக்கும் மோலுக்கும் மட்டுமே நேரம் இருக்கும், அதையாவது செய்துவிடலாம். புத்தகம் இல்லாத பிள்ளைகளுக்காகப் பழைய பிளஸ் ஒன் புத்தகங்களைச் சேர்த்து என் திண்ணை அலமாரியில் வைத்திருக்கிறேன். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.