தார்வாட்: பேடாவும் பாட்டும் ஒரு மாந்தோட்டமும்

தார்வாட் பேடாவை லைன் பஜார் பழைய கடையில் வாங்க நினைப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கும். சரக்குத் தீர்ந்தால் கதவு மூடிவிடும். பாலைச் சுண்டக் காய்ச்சி, கோவாவைப் பழுப்பேறும்வரை வறுத்து, உருட்டிச் சர்க்கரைத் தூளில் புரட்டியெடுக்கும் இந்த இனிப்புக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் பேடா தார்வாட்டில் பிறந்த பண்டமல்ல. பிளேக் நோய்க்குத் தப்பி, உத்தரப் பிரதேசத்தின் உன்னாவிலிருந்து 19ம் நூற்றாண்டில் இங்கு வந்து சேர்ந்த தாகூர் குடும்பத்தின் கைப்பக்குவம் அது. பால் மட்டும் உள்ளூர். எருமை வளர்க்கும் கவளிகள் தந்தது. இங்கத்திய எருமைக்குத் 'தார்வாடி' என்று தனி இன அங்கீகாரம் 2021ல்தான் கிடைத்தது.

வட கர்நாடகத்தின் இந்த ஊருக்கு அதுதான் ராசி. வெளியிலிருந்து வருவதை ஏற்றுக்கொண்டு, தன் பாலைக் கலந்து, தன் பெயரை வைத்துவிடும். சங்கீதத்திலும் அதே கதைதான்.

கர்நாடக சங்கீதத்துக்குப் பெயர் தந்த மாநிலத்தில், இந்துஸ்தானி பாடுகிற ஊர் என்றால் விசித்திரம்தான். தண்ணீர் அப்படி, மண் அப்படி என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மைக் காரணம் ரயிலும் நாடகமும். 1956 வரை பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த பகுதி இது. மராத்தி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்து கொட்டகை போட்டன. மைசூர் அரண்மனைக்குப் பாடப் போன வடக்கத்தி உஸ்தாத்கள் போகும்போதும் திரும்பும்போதும் இங்கே தங்கினார்கள். அவர்களில் ஒருவர் கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான். பக்கத்துக் குந்த்கோலைச் சேர்ந்த ராம்பாவ் அவரிடம் பயின்று சவாய் கந்தர்வா ஆனார். கான் சாகேப்பின் கடைசிப் பயணத்தில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1937 அக்டோபரில், புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

சவாய் கந்தர்வாவின் சீடர்கள் கங்குபாய் ஹங்கலும் பீம்சென் ஜோஷியும். பீம்சென் பிறந்த கதக் பகுதி 1997 வரை தார்வாட் மாவட்டம்தான். அருகிலுள்ள மன்சூர் கிராமத்தில் 1910ல் பிறந்த மல்லிகார்ஜுன் மன்சூர் நாடக மேடையில் தொடங்கி, கர்நாடக இசை கற்று, பிறகு ஜெய்ப்பூர் அத்ரௌலி பாணியின் அரிய ராகங்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். புகழ் வந்தும் ஊரை விடவில்லை. 1992ல் அவர் மறைந்தபின் 'மிருத்யுஞ்ஜய' என்ற அவர் வீடு நினைவில்லமாகிவிட்டது. பசவராஜ் ராஜகுருவும் இந்த ஊர்க்காரர்தான். சிதாருக்கோ ரஹிமத் கானின் பரம்பரை.

காதுக்கு விருந்து முடிந்தால் கானாவளிக்குள் நுழையலாம். தட்டிக் கல்லில் சுட்ட சோள ரொட்டி, மசாலா அடைத்த கத்தரிக்காய் எண்ணெகாயி, வேர்க்கடலைச் சட்னிப் பொடி, கெட்டித் தயிர், கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம். மாலையில் கிர்மிட்: பொரியில் புளியும் வெல்லமும் சேர்ந்த மசாலா, பொட்டுக்கடலை மாவு, துணைக்கு மிளகாய் பஜ்ஜி. மழைக்காலத்தில் இதைத் தின்னாதவர் தார்வாட்டைப் பார்த்தவரல்ல.

மழை இங்கே தாராளம். மலைநாட்டுக் காடு தொடங்குவதற்கு முந்தைய வாசல்படி இது. தாண்டேலிக் காடு ஒரு காலைப் பயணம். ஊருக்குள்ளேயே சாதனகேரி ஏரி இருக்கிறது. 1973ம் ஆண்டு ஞானபீடப் பரிசு பெற்ற கவிஞர் த.ரா. பேந்த்ரே அதன் கரையில் வாழ்ந்தார். மாலை நேரத்தில் குழந்தைகளும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் அங்கே நடக்கிறார்கள். பேராசிரியர்களுக்கு இங்கு பஞ்சமில்லை. 1894ல் வெளியான கிட்டலின் கன்னட அகராதியிலிருந்து, கிரீஷ் கர்னாடின் முதல் நாடகத்தைப் பதிப்பித்த மனோகர கிரந்தமாலையின் பரண் வரை, எழுத்தும் இந்த ஊரின் தொழில். கல்வெட்டு அறிஞர் எம்.எம். கல்புர்கி 2015 ஆகஸ்டில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான். எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் ஊர் என்று சொல்லும்போது குரல் அங்கே சற்றுத் தடுமாறுகிறது.

அது முதல் தடுமாற்றமும் அல்ல. கங்குபாய் 1913ல் பிறந்து வளர்ந்தது தார்வாட் சுக்ரவாரப்பேட்டையில். தாய் அம்பாபாய் கர்நாடக இசைப் பாடகி. அவர் பாட்டைக் கேட்க அப்துல் கரீம் கானே வீடு தேடி வந்தார். ஆனால் அண்டை வீட்டுப் படிகளை அந்தக் குடும்பத்துச் சிறுமி ஏறமுடியாது. ஒருநாள் பணக்கார அயல்வீட்டுத் தோட்டத்தில் மாங்காய் பறித்து மாட்டிக்கொண்டாள். திருட்டு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பாட்டுக்காரியின் மகள் தோட்டத்துக்குள் கால் வைத்துவிட்டாளே என்பதுதான் அவர் கோபம். 1924ல் பெல்காம் காங்கிரஸில் காந்தி முன்னிலையில் வரவேற்புப் பாட்டுப் பாடிய சிறுமிக்கு, தன்னை எச்சில் இலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது.

மகள் இந்துஸ்தானி கற்கவேண்டும் என்று தாய் தன் பாட்டையே நிறுத்திக்கொண்டார். குடும்பம் ஹூப்ளிக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து ரயிலேறிக் குந்த்கோலுக்குப் பாடம் கேட்கப் போய்வந்தார் கங்குபாய். தெருவில் நடக்கும்போது ஏச்சும் கூடவே வந்தது. அவரது கம்பீரக் குரல் அதையெல்லாம் தாண்டி எழுந்தது. பத்ம விபூஷண் 2002ல் வந்தது. அன்று விரட்டியவர்களே இன்று விருந்துக்கு அழைக்கிறார்கள் என்று பின்னாளில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். 2009ல் அவர் மறைந்தபோது ஊரே தன் மகள் என்று உரிமை கொண்டாடியது.

அடுத்த கங்குபாய் எங்கே என்று தார்வாட் ரசிகர்கள் கவலைப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. ஹூப்ளியில் அவர் பெயரில் குருகுலமும் இருக்கிறது. தண்ணீரும் மண்ணும் மாறவில்லை. நாடகக் கம்பெனிகள் இல்லை. ரயிலில் வந்திறங்கி வாரக்கணக்கில் தங்கும் உஸ்தாதும் இல்லை. அவை திரும்பி வரப்போவதில்லை. ஊரின் கையில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். பாடவரும் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் தோட்டத்தின் கதவைத் திறந்துவைப்பது.